கம்பம் கம்பமாக நடந்தோம்

என் மகளின் கையிலிருந்து ஒரு சின்னக் குழாய் இரத்தம் எடுக்க நான்கு பேர் வேண்டும். நான் தோளைப் பிடிப்பேன். என் கணவர் கால்களைப் பிடிப்பார். ஒரு தாதி கையைப் பிடிக்க, இன்னொரு தாதி ஊசியைப் போடுவார். மகள் போடும் சத்தத்தில், எங்கள் சிங்கப்பூர் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் தங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கும் அத்தனை பேரும் எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்தால் யாராவது ஒருவர் "பாவம்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது தொடங்கியபோது அவளுக்குப் பதினோரு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு. ரயிலில் கேட்ட அறிவிப்பை நான்கு மொழியிலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டாள். எண்கள் என்றால் உயிர். சொல்லாமல் தொட்டால் நெருப்பு பட்டதுபோலத் துள்ளுவாள். பெற்ற நானே மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் தலையில் எண்ணெய் வைப்பேன்.

அந்த வருடப் பரிசோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். சர்க்கரை விளிம்பில் நிற்கிறது. எடை அதிகம். தினமும் உடம்பு அசைய வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம். அதற்குள் ஏறிவிட்டால் மருந்து தொடங்க வேண்டும், வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

விரலைக் குத்துவது எனக்குப் புதிதில்லை. இவள் வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை என்னை விட்டுப் போகவே இல்லை. தினமும் காலையில் காப்பி கலக்குவதற்கு முன்னால், அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரு குத்து. எனக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. ஆனால் என் மகளுக்கு? வருடத்துக்கு ஒரு ஊசிக்கு நான்கு பேர் வேண்டும் என்றால், தினமும் ஒரு குத்துக்கு யார் வருவார்கள்? நானும் என் கணவரும் தினமும் காலையில் அவளைத் தரையில் அழுத்திப் பிடிப்போமா? அப்புறம் அவள் எங்களிடம் வருவாளா? மருந்தகத்திலிருந்து வீட்டுக்கு வரும்வரை இதுதான் மண்டையில் ஓடியது. எனக்குச் சர்க்கரையைப் பற்றிப் பயமில்லை. அந்த ஊசியைப் பற்றித்தான் பயம்.

நாங்கள் புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றில் இருக்கிறோம். என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கல்லா மேசைக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். ஆணி, பூட்டு, கீல், குழாய் மூட்டு. கட்டட வேலைக் குத்தகைக்காரர்களிடம் பேசிப் பேசி என் வாய் தடித்துப்போய்விட்டது. மகளைப் பள்ளிப் பேருந்திலிருந்து இறக்கி, நாங்கள் வரும்வரை பார்த்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பணிப்பெண். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். என்னை அக்கா என்பாள்.

நடக்க வை என்று சொல்வது சுலபம். இவள் தெரிந்த வழியில் தெரிந்த இடத்துக்குத்தான் போவாள். சும்மா கீழே போய் ஒரு சுற்று வருவோம் என்றால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். எங்கே போகிறோம், எப்போது முடியும் என்று தெரியாமல் அவளால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நோக்கமில்லாமல் சுற்றி வருவதை உடற்பயிற்சி என்று சொல்லும் நாம்தான் விசித்திரமானவர்கள். தூக்கத்துக்கும் ஆத்திரத்துக்கும் அவள் சாப்பிடும் மருந்து வேறு பசியைக் கிளப்பும். பிடித்த சாப்பாடு மூன்றே மூன்று. பரோட்டாவும் சீனியும் அதில் ஒன்று.

அவளுடைய சிறப்புப் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நம் ஊர்த் தமிழ்ப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அந்தப் பெண்தான் ஒரு ரப்பர் கைப்பட்டையும் கைப்பேசியில் ஒரு செயலியும் கொடுத்தாள். கைப்பட்டை அடிகளை எண்ணும். கைப்பேசித் திரையில் ஒரு நீர்நாய் ஆற்றில் நீந்தும். குறித்த எண்ணிக்கை வந்ததும் நீர்நாய்க்கு ஒரு மீன் கிடைக்கும், பாட்டு வரும்.

"ஆண்ட்டி, ஃபர்ஸ்ட் சின்ன டார்கெட் வைப்போம். அவளுக்கு நம்பர்ஸ் பிடிக்கும்ல? நம்பர் ஏறுறதைப் பார்த்தா நடப்பா. ஸ்லோவா ஏத்தலாம்."

"நடக்கலைன்னா?"

"டிரை பண்ணுவோம் ஆண்ட்டி. திட்டாதீங்க."

"நான் எங்கம்மா திட்டுனேன்?"

"மூஞ்சியே திட்டுது, ஆண்ட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்கும். அப்புறம் அவளிடமும் சண்டை போட்டேன், அது வேறு விஷயம்.

முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை நொண்டியது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு. நீர்நாய் பாதி ஆற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய புத்தி வேலை செய்தது. பள்ளிப் பெற்றோருக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருந்தது. கைப்பட்டை வாங்கிய அம்மாக்கள் தினமும் மாலை ஏழு மணிக்குத் தங்கள் பிள்ளையின் எண்ணைப் படமெடுத்துப் போட ஆரம்பித்தார்கள். யாரும் போடச் சொல்லவில்லை. ஒருத்தி போட்டாள், அடுத்தவள் போட்டாள், அவ்வளவுதான். கியாசு என்பார்கள் இங்கே. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இந்த ஊர்த் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளைப்போல் நம் பிள்ளைக்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, பரிசளிப்பு விழா இல்லை என்று வருடக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருந்த நாங்கள், ஒரு நீர்நாய் கிடைத்ததும் வரிசை கட்டி ஓட ஆரம்பித்தோம். நானும்தான். என்னை விட்டுவிட்டுப் பேசவில்லை.

ஒருநாள் இரவு பணிப்பெண்ணிடம் சொன்னேன்: "நாளையிலேருந்து ஆறாயிரம் வரணும். வராம என் மூஞ்சியில முழிக்காத."

"அக்கா, அது எழுந்திரிக்கவே மாட்டேங்குது…"

"எனக்குக் கதை வேணாம். நம்பர் வேணும்."

நம்பர் வந்தது. ஒரே வாரத்தில் நாலாயிரம், ஐயாயிரம், ஏழாயிரம். ஒருநாள் பதினோராயிரம். குழுவில் கட்டைவிரல்களும் பூக்களும் குவிந்தன. ஒரு அம்மா தனியாக எழுதிக் கேட்டாள்: என்ன செய்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். நானும் பெரிய மனுஷிபோல, "கண்டிப்பாக இருக்க வேண்டும், விட்டுக்கொடுக்கக் கூடாது" என்று பதில் போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் கணவர்தான் ஒருநாள் வாசலில் அவள் காலணியைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு நடக்குறா, அடி தேயவே இல்லையே?"

"நல்ல செருப்பு. நான் வாங்குனது."

"எடையும் அப்படியே இருக்கு."

"உங்களுக்கு ஒரு நல்லதைச் சொன்னா பொறுக்காதா? பஸ்ஸைப் போய் ஓட்டுங்க."

அவர் செருப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னோடு இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்கு எப்போது போக வேண்டும் என்று தெரியும்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை கடைக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. குழாய் மூட்டு விற்கும் கடையில். முதலாளி தவுக்கே கையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். மூன்று மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். மேல்வீட்டில் தரை ஓடுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் சுவர் வழியாக இறங்கிப் பல்லைக் கூச வைத்தது. கூடத்தில் யாருமில்லை. மேசையில் பணிப்பெண்ணின் கைப்பேசி கிடந்தது. திரையில் நீர்நாய் நீந்திக்கொண்டிருந்தது. எண் ஓடிக்கொண்டிருந்தது.

படுக்கையறைக்குப் போனேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள சந்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இரண்டு கையையும் உதறிக்கொண்டிருந்தாள். அவள் தாங்க முடியாதபோது அப்படித்தான் உதறுவாள், ஈரக்கையை உதறுவதுபோல, ஆனால் நிறுத்தாமல். பணிப்பெண் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு, தலையணையை அவள் காதுகளோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கையில் கைப்பட்டை. ஒவ்வொரு உதறலும் ஒரு அடி.

கூடத்தில் பாட்டு கேட்டது. நீர்நாய்க்கு மீன் கிடைத்துவிட்டது.

"இது எத்தனை நாளா?" என்றேன்.

பணிப்பெண் எழுந்திருக்கவில்லை. "மேல இடிக்க ஆரம்பிச்சதுலேருந்துக்கா."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேன்க்கா. கதை வேணாம்னீங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து தலையணையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மணிக்குத்தான் மேலே நிறுத்தினார்கள்.

அதற்கப்புறம் மின்தூக்கிக்குப் போனேன். வீடு புதுப்பிக்கிறவர்கள் எந்தெந்தத் தேதியில் சத்தமான வேலை என்று அதில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு தேதி தேதியாக ஒத்துப் பார்த்தேன். கதவு திறந்து மூடித் திறந்தது. யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். பதினோராயிரம் வந்த நாள், சமையலறைச் சுவரை இடித்த நாள். ஒன்பதாயிரம், கழிவறைத் தரை. அவள் எந்த நாளில் அதிகம் தவித்தாளோ அந்த நாளில்தான் நான் அதிகம் பூ வாங்கியிருக்கிறேன். மகள் சந்துக்குள் கிடந்து துடித்ததைப் படம் பிடித்து, ஊர் அம்மாக்களிடம் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன்.

இதற்கப்புறமாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாளிலிருந்து அவள் உதறும்போதெல்லாம் "கையைக் கீழ வை, கையைக் கீழ வை" என்று பிடித்து அழுத்தினேன். எண் சுத்தமாக இருக்க வேண்டுமாம். மூன்றாம் நாள் அவள் என் புறங்கையைக் கடித்துவிட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. நல்ல கடி. எனக்குத் தேவைப்பட்ட கடி.

கைப்பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் கத்தினேன். கையை உதறும் பிள்ளைக்குக் கையிலா கட்டுவது? இதைச் செய்தவன் தன் வாழ்நாளில் ஒரு ஆட்டிசம் பிள்ளையையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பானா? அந்தப் பெண் முகம் சிவந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாரி ஆண்ட்டி. நான் யோசிச்சிருக்கணும். ஸ்கூல்ல அவ ரொம்ப உதற மாட்டா. எனக்குத் தெரியல."

"ஸ்கூல்ல சந்தோஷமா இருக்கா, அதான்." சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணுக்காலில் கட்டிப் பார்க்கலாமா என்றாள். பார்த்தோம். மகள் ஒரு நிமிடத்தில் பிய்த்து எறிந்துவிட்டாள். குழுவில் அன்றைக்கே எழுதினேன்: என் மகளின் எண்கள் பொய், கை உதறியது எல்லாம் நடையாக ஏறியிருக்கிறது, உங்கள் பிள்ளையையும் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு அம்மா எழுதினாள், தன் மகன் சோபாவில் முன்னும் பின்னும் ஆடுவதும் ஏறுகிறது என்று. இன்னொருத்தி பதில் எழுதாமல் குழுவை விட்டே போய்விட்டாள். ஏழு மணிப் படங்கள் நின்றுபோயின.

இதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. எடை ஒரு கிலோ கூடியிருந்தது. தினமும் காலையில் நான் என் விரலைக் குத்தும்போது அவள் எதிரே உட்கார்ந்து பரோட்டா தின்பாள். அவள் விரல்களைப் பார்ப்பேன். கொழுத்த, மெத்தென்ற விரல்கள். பார்த்துவிட்டு எழுந்துபோய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள். அன்று என் கணவருக்கும் வேலை. மகளையும் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ஜாலான் புசாரில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்தைக்கு நடக்க வேண்டும். இறங்கின இடத்திலேயே ஒரு விளக்குக் கம்பத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். இந்த ஊரில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். விளக்கு எரியவில்லை என்றால் அந்த எண்ணைச் சொல்லித்தான் புகார் கொடுக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து, "முப்பத்து ஒண்ணு" என்றாள்.

அவள் எப்போதும் இப்படி நிற்பவள்தான். நான் எப்போதும், "வா வா, நேரமாச்சு" என்று கையை இழுப்பவள்தான். அன்றைக்கு இழுக்கத் தெம்பில்லை. கோபப்படவும் தெம்பில்லை. நில்லடி, எவ்வளவு நேரம் நிற்பாயோ நில் என்று நானும் நின்றேன்.

அவள் நடந்தாள். அடுத்த கம்பத்துக்கு. "முப்பத்து ரெண்டு." அடுத்தது. நான் பின்னால் போனேன். முப்பத்து நாலுக்கும் முப்பத்து ஆறுக்கும் நடுவில் எதையோ விட்டுவிட்டோம் என்று நின்றவள், வந்த வழியே திரும்பிப் போய், ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்திருந்த முப்பத்து ஐந்தைக் கண்டுபிடித்தாள். அப்போது என் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கி அதைப் படம் எடுத்தாள். முப்பத்து ஆறையும் எடுத்தாள். கைப்பேசி என் கைக்குத் திரும்பி வரவில்லை.

சந்தைக்குப் போகும் திருப்பத்தைத் தாண்டிவிட்டோம். நான் அவளைத் திருப்பவில்லை. மூடிக் கிடந்த கடைகள், சின்னத் தங்கும் விடுதிகள், என்னுடைய கடை, எல்லாம் கடந்து போயின. சாலையின் கடைசிக் கம்பத்தைப் படம் எடுத்துவிட்டு அவள் நின்றபோது அவள் முதுகு முழுக்க வியர்வை. அவள் கையை உதறினாள். கண் திறந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று சந்தில் பார்த்ததும் இதுவும் ஒரே உதறல்தான். முகத்தைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். எந்தச் செயலிக்கும் முகம் தெரியாது.

திங்கட்கிழமை ஆசிரியையிடம் படங்களைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்ட்டி, இதுதான் அவளுக்கு வேணும். எங்க ஸ்டார்ட், எங்க ஃபினிஷ், அவளுக்கே தெரியுது பாருங்க."

"அந்த நீர்நாய்?"

"அது போகட்டும் லா."

அவள் என் கைப்பேசியிலேயே படங்களை ஒரு வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள். முதல் படம் காலணி. அடுத்தது நேற்றுக் கடைசியாக எடுத்த கம்பம். அதன் பிறகு இன்றைக்கு எத்தனை கம்பமோ அத்தனை காலிக் கட்டங்கள். கடைசியில் வீடு. மகள் ஒவ்வொரு கட்டத்தையும் அவளே எடுத்த படத்தால் நிரப்புவாள். கட்டம் முடிந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். முதலில் பத்துக் கட்டம், பிறகு பதினைந்து, இருபது. அடி எண்ணுவது இல்லை, குழுவில் போடுவது இல்லை. புக்கிட் மேராவில் எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள சாலைகளை மாலையில், நான் கைப்பேசியோடு வீடு வந்ததும், பணிப்பெண்ணோடு முடித்தாள். மழையில் குடை பிடித்து முடித்தாள். பன்னிரண்டுக்குப் பிறகு பதிமூன்று வராமல், பன்னிரண்டோடு ஒரு ஆங்கில எழுத்தை ஒட்டிய கம்பம் ஒன்று வந்தபோது சாலையிலேயே படுத்து அழுதாள். பணிப்பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கம்பத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்துக் காட்டியிருக்கிறாள். எனக்குத் தோன்றியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை என் முறை. ஒரு ஞாயிறு சாயங்காலம் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தெருவைப் பிடித்திருந்தோம். ஞாயிறு மாலை அங்கே எப்படி இருக்கும் என்று தெரிந்தும் என் புத்தி அன்று அங்கே போனது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பையன்கள் வாரத்தில் ஒரு நாள் வெளியே வந்து, புல்லிலும் நடைபாதை ஓரத்திலும் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினேழு வரை சிக்கலில்லை. பதினெட்டாம் கம்பத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் காகிதத்தில் பிரியாணியை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் பைகளைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எண் பைகளுக்குப் பின்னால்.

மகள் நேராகப் போய் ஒருவன் தோளைத் தள்ளினாள். தள்ளிவிட்டு வீறிட்டாள். கை உதற ஆரம்பித்தது, கண் மூடியது. இது நல்ல உதறல் இல்லை. நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு போனேன்.

தள்ளுப்பட்டவன் சோற்றுக் கையோடு எழுந்தான். "என்னக்கா, பாப்பாவுக்கு என்ன வேணும்?"

"நம்பர், தம்பி. அந்தக் கம்பத்துல இருக்கிற நம்பர். பையை எடுங்க."

"நம்பரா? லைட் எரியலையா?"

"ரிப்பேர் பாக்க வந்திருக்காங்கடா," என்றான் இன்னொருவன். "ஞாயித்துக்கிழமையும் வேலை பாரு."

"ரிப்பேர் இல்ல தம்பி. அவளுக்கு நம்பர் பாக்கணும். வரிசையாப் பாத்தாத்தான் நடப்பா. நடந்தாத்தான் உடம்பு நல்லாருக்கும். ஆட்டிசம்."

தள்ளுப்பட்டவன் திரும்பி, "டேய், பையை அவுருடா," என்றான். ஒருவன் அவிழ்த்தான், இன்னொருவன் பிரியாணியை நகர்த்தினான். பை இறங்கியதும் எண் தெரிந்தது. மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மற்றக் கண்ணையும் திறந்தாள்.

"பதினெட்டு," என்றாள். படம் எடுத்தாள்.

"கரெக்டு!" என்றான் அவன். பிறகு தெருவைப் பார்த்தான். "அக்கா, அங்கிட்டும் நம்ம பயலுவதான் உக்காந்திருக்கானுவ." வாயில் கையைக் குவித்துக் கத்தினான்: "ஏய் மாப்ள! கம்பத்துலேருந்து பையை எடு! பாப்பா வருது!"

"எந்தப் பாப்பா?"

"எடுடான்னா எடு! நம்பர் பாக்க வருது!"

அங்கே இருந்தவன் அவனுக்கு அடுத்தவனிடம் கத்தினான். அவன் அதற்கடுத்தவனிடம். தெரு நெடுக ஆட்கள் எழுந்து நின்றார்கள். பைகள் இறங்கின. ஒருவன் கம்பத்தில் சாய்ந்து கைப்பேசியில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தவன், "இரு, ஒரு நிமிசம், பாப்பா வருதாம்" என்று சொல்லி விலகி நின்றான். எந்தப் பாப்பா என்று அந்த மனைவி கேட்டிருப்பாள். என் மகள் நடுவே நடந்து போனாள். பத்தொன்பது, இருபது, இருபத்து ஒன்று. யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, அவள் சொல்ல மாட்டாள். யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. இருபத்து நாலில் ஒருவன் எண்ணின் மேல் ஒட்டியிருந்த வாடகைக்கு அறை விளம்பரத் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

நான் அழுகிற ஜாதி இல்லை. அன்றைக்கு அழுதேன். சண்டைக்கு வந்தவள் அழுதுகொண்டு போனேன்.

ஒரு வருடம் முடிந்து மறுபடி மருந்தகம் போனோம். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நடந்த பிள்ளைக்கு ஊசி வலிக்காது என்று எவனும் சொல்லவில்லை. தோளை நான் பிடித்தேன். காலை என் கணவர் பிடித்தார். தாதிகள் மாறியிருந்தார்கள், சத்தம் மாறவில்லை. அவள் என் தாடையில் தலையால் இடித்ததில் உதடு கிழிந்தது. முடிந்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். நான் உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு அவளுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்தேன்.

நான்கு நாள் கழித்து மருத்துவர் கூப்பிட்டபோது கடையில் இருந்தேன். ஒரு குத்தகைக்காரர் பித்தளைக் கீலைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டார். "கொஞ்சம் வாயை மூடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் போனேன். அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, இன்னும் விளிம்பை ஒட்டித்தான் நிற்கிறது, ஆனால் மருந்தும் வேண்டாம், விரலைக் குத்தவும் வேண்டாம். இப்படியே விடாமல் நடக்க வையுங்கள், அடுத்த வருடம் பார்ப்போம். நான் மூன்று முறை கேட்டேன்: "குத்த வேண்டாம்தானே?" மூன்றாவது முறை அவர் சிரித்துவிட்டார். "வேண்டாம்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். பணிப்பெண் குழம்புக் கரண்டியோடு நின்று, "குலசாமிக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்க்கா, ஊருக்குப் போறப்ப செலுத்தணும்" என்றாள். எனக்குத் தெரியாமல் எப்போது முடிந்தாளோ. "நான் உன்ன எவ்வளவு திட்டியிருக்கேன்," என்றேன். "அதையும் சாமிகிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள்.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் தன் கம்பங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வட்டாரத்துச் சாலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. இன்னும் ஒரு வருடம் நடக்க வேண்டும். பார்த்த கம்பத்தை அவள் திரும்பப் படம் எடுக்க மாட்டாள். எனக்கு அந்தக் கவலை அப்போதே தொடங்கிவிட்டது.

"ரோடு முடிஞ்சுபோச்சுங்க," என்றேன். "இனிமே எங்க போறது?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அவர் ஓட்டும் வழியில் உள்ள சாலைகள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். எந்தச் சாலையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எங்கே நடைபாதை அகலம், எங்கே கூட்டம் குறைவு, எங்கே கழிவறை இருக்கிறது.

"இது எப்பலேருந்து எழுதுறீங்க?"

"கொஞ்ச நாளா."

"சொல்லவே இல்ல?"

"பஸ்ஸைப் போய் ஓட்டுங்கன்னு சொன்ன. ஓட்டிக்கிட்டே எழுதுனேன்."

மகள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வரியில் விரலை வைத்தாள். எழுந்துபோய் வாசலில் காலணியைப் போட ஆரம்பித்தாள். மணி எட்டரை.

"நாளைக்கு," என்றேன். அவள் கேட்கவில்லை. என் கணவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் செருப்பைத் தேடினார்.